சன்ரூஃப் சன்ஷேட் மாட்டுவது: கிளிப்பா, ஃபிலிமா, சுருள் திரையா?

#1 நிழல்தேடி

வணக்கம் நண்பர்களே.

என் வண்டியில் கூரை முழுக்க ஒரே கண்ணாடி. திறக்காது, நகராது, உள்ளே இழுத்து மூடத் திரையும் கிடையாது. கறுப்புக் கண்ணாடி என்பதால் வெளிச்சம் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் உச்சி வெயிலில் கொஞ்ச தூரம் போனாலே தலை சுடுகிறது. முகத்தில் ஏசி காற்று குளிர்ச்சியாக அடிக்க, உச்சந்தலையில் மட்டும் அனல். பின்சீட்டில் குழந்தை இருக்கைக்கு நேர் மேலே இதே கண்ணாடிதான். அதனால்தான் கவலை.

ஒருவர் ஃபிலிம் ஒட்டச் சொல்கிறார். ஒருவர் கிளிப்பில் மாட்டும் சன்ஷேட் போதும் என்கிறார். உறிஞ்சு கப் வைத்த சுருள் திரையும் கிடைக்கிறது. எதை வாங்கினாலும் நானே மாட்டத்தான் எண்ணம். கூரையில் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது? வெள்ளிப் பூச்சுள்ள பக்கம் மேலேயா, கீழேயா? வண்டி ஓடும்போது தலையில் விழுந்துவிடாதா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

#2 நெடுஞ்சாலைக்காரன்

நல்ல செராமிக் ஃபிலிம் ஒட்டிவிடுங்கள், வேலை முடிந்தது. சத்தம் கிடையாது, கழற்றி மாட்டும் தொல்லை கிடையாது, தலைக்கு மேலே இடமும் குறையாது. துணி மாட்டினால் எதற்குக் கண்ணாடிக் கூரை வண்டி வாங்கினோம் என்று ஆகிவிடும்.

#3 மலர்விழி

நிழல்தேடி, என்னிடமும் திறக்காத கூரைதான். கிளிப் வகை மாட்டியிருக்கிறேன், நிறைவாக இருக்கிறது. டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் வண்டிகளிலும் தொழிற்சாலையிலிருந்து திரை வராது. அந்த நிறுவனமே கிளிப்பில் மாட்டும் சன்ஷேட்டைத் தனியாகத் துணைப்பொருளாக விற்கிறது. ஆகவே இந்த முறையில் விசித்திரம் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு விஷயம். உங்கள் வண்டி மாடலுக்கென்றே வெட்டியதை வாங்குங்கள். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று விற்பது உண்மையில் எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது. ஒரு விரல் இடைவெளி விட்டாலும் அந்தக் கீற்று வழியாக விழும் வெயில் சரியாகக் கண்ணில் அடிக்கும்.

#4 கண்ணாடிப்பித்தன்

தலை சுடுவதற்குக் காரணம் தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் தெளிவாகிவிடும்.

சூரியனிலிருந்து தரைக்கு வரும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியும் ஒளி அதைவிடச் சற்றுக் குறைவு. புற ஊதாக் கதிர் 5 சதவீதம் அளவில்தான். கறுப்புக் கண்ணாடி ஒளியைத் தடுப்பதாக நாம் நினைக்கிறோம். அது தடுப்பது பெரும்பாலும் உறிஞ்சுவதன் மூலம். உறிஞ்சிய ஆற்றல் வெப்பமாகி, கண்ணாடியே சுடுகிறது. சுட்ட கண்ணாடி நீள அலைக் கதிர்களாக அந்த வெப்பத்தைக் கீழே அனுப்புகிறது. உங்கள் தலை வாங்குவது அதைத்தான். ஏசி காற்றைக் குளிர்விக்கும், ஆனால் மேலிருந்து வரும் கதிர்வீச்சைக் காற்று தடுக்காது. நீங்கள் சொன்ன "முகம் குளிர்ச்சி, உச்சி அனல்" என்பதற்கு விளக்கம் இதுதான்.

கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவே ஒரு துணி வந்தால், அந்தக் கதிர்வீச்சு துணியிலேயே நின்றுவிடும். துணியும் கொஞ்சம் சூடாகும், ஆனால் அதன் அடிப்பக்கம் ஏசி காற்றில் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே துணி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. நடுவில் விரல் தடிமன் இடைவெளி இருந்தால் நல்லது.

வெள்ளிப் பக்கம் மேலே, கண்ணாடியைப் பார்த்து இருக்க வேண்டும். உள்ளே வந்த ஒளி துணியில் உறிஞ்சப்படும் முன்பே திரும்பி வெளியே போக வேண்டும் என்பதுதான் அதன் வேலை. கீழ்ப்பக்கம் அடர்ந்த நிறமாக இருந்தால் கண்ணாடியிலும் டேஷ்போர்டிலும் எதிரொளி விழாது, ஓட்டுபவருக்கு வசதி.

புற ஊதாக் கதிருக்காகத் தனியாகப் பயப்பட வேண்டுமா என்பது கண்ணாடியின் வகையைப் பொறுத்தது. லேமினேட்டட் கண்ணாடி என்றால் இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் படலம் இருக்கும், அது புற ஊதாவை ஏறக்குறைய முழுதாகவே நிறுத்திவிடும். டெம்பர்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய ஒற்றைத் தகடு, புற ஊதாவில் யூவி-பி என்ற வகையை நிறுத்தும், யூவி-ஏ என்ற வகையில் ஒரு பங்கை உள்ளே விடும். கண்ணாடியின் மூலையில் சின்ன எழுத்தில் எந்த வகை என்று அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள்.

#5 நெடுஞ்சாலைக்காரன்

விளக்கம் அருமை. ஆனால் நீங்கள் சொன்னது ஃபிலிமுக்கும் பொருந்தும்தானே? நல்ல ஃபிலிம் அகச்சிவப்பையே தடுக்கும்.

#6 கண்ணாடிப்பித்தன்

தடுக்கும். ஆனால் எப்படித் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். உறிஞ்சும் வகை ஃபிலிமை உள்பக்கம் ஒட்டினால் கண்ணாடி இன்னும் சூடாகும். வெயில் படும் நடுப்பகுதி கொதிக்க, கூரைத் தகட்டுக்குள் மறைந்திருக்கும் விளிம்பு குளிர்ந்திருக்க, அந்த வெப்பநிலை வித்தியாசம் கண்ணாடியில் அழுத்தத்தை உண்டாக்கும். விளிம்பில் ஏற்கெனவே சின்னக் கீறல் இருந்தால் அங்கிருந்து விரிசல் ஓட வாய்ப்பு உண்டு. எல்லா வண்டியிலும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. பெரிய கூரைக் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும் முன் அந்த ஃபிலிம் அதற்கு ஏற்றதா என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று, சில கூரைக் கண்ணாடிகளின் உள்பரப்பிலேயே வெப்பத்தைத் திருப்பும் மெல்லிய பூச்சு இருக்கும். அதன் மேல் ஃபிலிம் ஒட்டினால் பூச்சின் பயன் குறையும். பின்னால் ஃபிலிமை உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து கெட்டுப்போகலாம். உலோகம் கலந்த ஃபிலிம் என்றால் ஜிபிஎஸ், மொபைல் சிக்னல், கண்ணாடியில் ஒட்டிய சுங்கச்சாவடிச் சில்லு (ஃபாஸ்டேக் மாதிரி) எல்லாவற்றுக்கும் இடைஞ்சல். செராமிக் வகையில் அந்தத் தொல்லை இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

#7 பழைய கராஜ்

ஃபிலிம் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். கூரைக் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளாகப் பட்டை ஒன்று போகும், கவனித்திருப்பீர்கள். அது கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட பீங்கான் மை. அந்தப் புள்ளிகள் மேடாக இருப்பதால் ஃபிலிம் அங்கே படியாது, சுற்றிலும் வெள்ளைக் கோடு மாதிரி காற்றுக் குமிழி நிற்கும். எத்தனை முறை தேய்த்தாலும் மறுநாள் எழும்பும். ஒட்டுபவரின் கைவேலைக் குறை என்று சண்டை போடாதீர்கள், பரப்பு அப்படி.

இப்போது நிழல்தேடி கேட்ட முக்கியமான கேள்வி: கூரையில் எங்கே கை வைக்கலாம்?

முதலில் வைக்கக் கூடாத இடம். கதவுகளுக்கு மேலே, ரூஃப் லைனிங்குக்குள் (கூரையின் உள்பக்கத்தை மூடியிருக்கும் துணி போர்த்திய தகடு), முன் தூணிலிருந்து பின் தூண் வரை பக்கவாட்டுத் திரை ஏர்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். மோதல் நேர்ந்தால் அது லைனிங்கின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு கண் இமைக்கும் நேரத்துக்குள் கீழே இறங்கும். அந்த ஓரத்தில் ஸ்க்ரூ, கொக்கி, கெட்டிப் பிளாஸ்டிக், பசை டேப் எதுவும் இருக்கக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகத்தில் அங்கே செருகிய கொக்கி தெறித்து வரும், அல்லது ஏர்பேக் விரிவதே தடைபடும். கதவுக்கு மேலே கைப்பிடி இருக்கும் வரிசையில் கம்பி கட்டித் திரை தொங்கவிட்ட வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

வைக்கக்கூடிய இடம், கண்ணாடியின் அடிப்பக்கத்துக்கும் லைனிங்கின் விளிம்புக்கும் நடுவே இருக்கும் சந்து. கிளிப்பின் நாக்கு மெல்லியதாக இருக்க வேண்டும், அந்தச் சந்தில் கொஞ்சம்தான் நுழைய வேண்டும். லைனிங்கைக் கீழே இழுத்துப் பெரிதாக்கி நுழைக்க வேண்டியிருந்தால் அந்தக் கிளிப் உங்கள் வண்டிக்கு உரியது இல்லை.

இன்னும் ஒன்று. முன் விளக்குக்குப் பக்கத்தில் திருட்டு அலாரத்தின் அசைவு உணரி சில வண்டிகளில் இருக்கும். அதைத் துணி மறைத்தாலோ, துணியின் ஒரு மூலை தளர்ந்து அதன் முன்னால் ஆடினாலோ அலாரம் காரணமில்லாமல் அலறும்.

#8 நிழல்தேடி

பழைய கராஜ் அண்ணா, கண்ணாடிப்பித்தன் சார், மிக்க நன்றி. மூலையில் பார்த்தேன், லேமினேட்டட் என்றுதான் இருக்கிறது. ஏர்பேக் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. உறிஞ்சு கப் வைத்த சுருள் திரை எப்படி?

#9 மலர்விழி

பக்கத்துக் கண்ணாடிக்குச் சரி. கூரைக்கு வேண்டாம். வெயிலில் கப்பின் பிளாஸ்டிக் இளகும், விளிம்பு வழியாகக் காற்று புகும், பிடி விடும். பக்கத்துக் கண்ணாடியில் பிடி விட்டால் கதவோரம் சரிந்து விழும். கூரையில் பிடி விட்டால் ஓட்டுபவரின் முகத்தில் விழும். முன்சீட்டுக்கு மேலே கப்பை மட்டும் நம்பி எதையும் தொங்கவிடாதீர்கள்.

காந்தத்தில் ஒட்டும் வகையும் இருக்கிறது. கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம் வெளியே தெரிந்தால்தான் அது பிடிக்கும். பெரும்பாலான கூரைகளில் சட்டத்தை லைனிங் மூடியிருக்கும், அல்லது சட்டமே அலுமினியமாக இருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

#10 தையல்பெட்டி

உங்கள் மாடலுக்குத் தயாராக எதுவும் கிடைக்கவில்லை என்றால் தைத்துக்கொள்ளலாம். நான் சொந்தமாகத் தைத்ததைத்தான் பயன்படுத்துகிறேன், எப்படி என்று சொல்கிறேன்.

அளவுநாடாவை நம்பாதீர்கள். கூரைக் கண்ணாடி நான்கு பக்கமும் வளைந்தது, மூலைகள் ஒன்றுபோல இருக்காது. பழுப்புத் தாளை உள்ளேயிருந்து கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, லைனிங்கின் விளிம்பு வழியே பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் விளிம்பு அப்படியே தாளில் பதியும். எடுக்கும் முன் தாளில் "முன்", "இடது", "கண்ணாடிப் பக்கம்" என்று எழுதிவிடுங்கள். எழுதாமல் எடுத்துத் திருப்பிப் போட்டு வெட்டினால் இடது வலது மாறிவிடும்.

துணி ஒரு பக்கம் வெள்ளி பூசிய, ஒளி புகாத பாலியஸ்டர். வெட்டும் முன் ஒரு முறை நனைத்துக் காயவைப்பது நல்லது, பின்னால் சுருங்காது. சுற்றிலும் பட்டைத் துணி வைத்துக் குழாய் மாதிரி தைத்து, அதற்குள் வளைத்தாலும் நிமிரும் வில் எஃகுக் கம்பியை நுழைக்க வேண்டும். கம்பியின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் ஒரு சின்ன உலோகக் குழாய் போட்டு நசுக்கிவிடுங்கள். முனை வெளியே துருத்தினால் லைனிங் கிழியும்.

கம்பியின் நீளம்தான் இந்த வேலையின் உயிர். துணியின் சுற்றளவைவிடக் கம்பி நீளமாக இருந்தால் முழுத் திரையும் அப்பளம் பொரிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும், எந்த மூலையும் படியாது. குறைவாக இருந்தால் நடுவில் தொய்யும். முதலில் சற்று நீளமாக வெட்டி, மாட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக் குறையுங்கள். சரியான நீளம் வந்ததும் திரை தானாகவே தட்டையாக விழும்.

தாள் வடிவத்தைவிடத் திரை எல்லாப் பக்கமும் 1 செ.மீ. பெரிதாக இருந்தால் விளிம்பு சந்துக்குள் ஒளிந்துகொள்ளும், கீற்று தெரியாது. கூரைக்கு நடுவே குறுக்குச் சட்டம் இருந்தால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டாகத் தையுங்கள். ஒரே பெரிய திரையாகத் தைத்தால் நடுவில் பிடிமானமே இருக்காது.

#11 புதுச்சாவி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பிரச்சினை வேறு. என்னுடையது திறக்கும் சன்ரூஃப். உள்ளே வண்டியோடு வந்த, கையால் இழுக்கும் பலகைத் திரை இருக்கிறது. அதன் துணி உரிந்து தொங்குகிறது, பலகையும் ஒரு பக்கம் ரெயிலிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு கீழே கிளிப் திரை மாட்டிக்கொள்ளலாமா?

#12 பழைய கராஜ்

தம்பி, வேண்டாம். திறக்கும் சன்ரூஃபில் ரெயில், கண்ணாடியை இழுக்கும் வயர், மோட்டார் எல்லாம் அந்த ஓரத்திலேயேதான் ஓடுகின்றன. கிளிப் நாக்கு ரெயிலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணாடி வந்து முட்டும். நெரிப்புத் தடுப்பு (எதிலாவது முட்டினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு) வேலை செய்தால் பாதி வழியில் நின்று திரும்பிப் போகும். வேலை செய்யவில்லை என்றால் வயர் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் திரைக்குச் செலவு செய்ததைவிடப் பல மடங்கு கூரைக்குச் செலவாகும். ரெயிலிலிருந்து வெளியே வந்த பலகையும் இதே மாதிரிதான், அதை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணாடியைத் திறக்காதீர்கள்.

பலகையை வெளியே எடுத்துச் சரிசெய்யலாம். வண்டிக்கு வண்டி மாறும், ஆகவே உங்கள் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக வேலை இப்படிப் போகும்.

சீட்டுகளின் மேல் பழைய போர்வை விரியுங்கள். கண்ணாடியைச் சற்றுத் தூக்கிய நிலையில் வைத்தால் இரண்டு பக்கமும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மறைப்பு தெரியும். அதை மெதுவாக எடுத்தால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் தெரியும், பல வண்டிகளில் அவை டார்க்ஸ் டி25. கழற்றும் முன், ஒவ்வொரு ஸ்க்ரூவும் அதன் துளையில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று சுற்றிலும் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள், அல்லது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை வெளியே தூக்கும்போது இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு பக்கம். கீழே வைக்கும்போது மெத்தையான துணி மேல் படுக்கவையுங்கள். டெம்பர்டு கண்ணாடி நடுவில் அடி தாங்கும், விளிம்பில் தரையில் பட்டால் பொடிப்பொடியாகிவிடும்.

இப்போது பலகையை முன்னால் இழுத்து, நடுவில் மெதுவாக வளைத்தால் ஓரத்துக் கால்கள் ரெயிலை விட்டு வரும். அந்தக் கால்கள் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள், சிலவற்றில் மெல்லிய தகட்டு வில்லும் இருக்கும். உங்களுடைய பலகை ஒரு பக்கம் வெளியே வந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் ஒரு கால் உடைந்திருக்கும். அதை மட்டும் தனியாக வாங்க முடிகிறதா பாருங்கள்.

துணி தொங்குவதற்குக் காரணம் அதன் முதுகில் இருக்கும் நுரை. வெப்பத்தில் அது மக்கிப் பொடியாகிறது, பசை என்ன செய்யும்? அந்தத் துணியையே திரும்ப ஒட்டினால் நிற்காது. முழுக்க உரித்து, பலகையில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறப் பொடியைப் பிரஷ்ஷால் ஒன்றுவிடாமல் தேய்த்து எடுத்து, வெப்பம் தாங்கும் ஸ்ப்ரே பசையைப் பலகையிலும் துணியிலும் அடித்து, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும் வரை விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். புதுத் துணி பழையதைவிடத் தடிமனாக இருக்கக் கூடாது. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளிதான், தடித்த துணி போட்டால் இழுக்கும்போது சிக்கும்.

ரெயிலில் பழைய கிரீஸ் மண்ணோடு சேர்ந்து கட்டியாக இருக்கும். துடைத்துவிட்டு மெல்லிசாகப் புது கிரீஸ். கண்ணாடியைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையான பீடிங்குக்குச் சிலிகான் கிரீஸ் மட்டும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டும்போது உயரம் முக்கியம். முன் விளிம்பு கூரைத் தகட்டோடு சமமாக, அல்லது 1 மி.மீ. வரை தாழ்வாக. பின் விளிம்பு சமமாக, அல்லது 1 மி.மீ. வரை உயர்வாக. பல வண்டிகளில் இதுதான் கணக்கு, உங்கள் கையேட்டில் வேறு இருந்தால் அதையே வையுங்கள். முன் விளிம்பு தூக்கி நின்றால் காற்று அதில் மோதி விசிலடிக்கும். கடைசியாக, சுவிட்சை அழுத்திப் பிடித்து மோட்டாருக்கு முழுத் தூரத்தையும் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கலாம். எத்தனை நொடி, எந்தப் பக்கம் என்பது கையேட்டில் இருக்கும்.

#13 புதுச்சாவி

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. பலகைக்குப் பதில் மோட்டாரில் ஓடும் துணித் திரை என்றால் இதே முறையா?

#14 பழைய கராஜ்

இல்லை, அது வேறு. துணி ஒரு உருளையில் வில்லின் இழுவிசையோடு சுருண்டிருக்கும், ஓரத்துப் பட்டை ரெயிலில் ஓடும். பட்டை ஒரு முறை ரெயிலை விட்டு வந்தால் துணி மடிந்து சுருங்கிவிடும். கையால் இழுத்துச் சரிசெய்யப் போனால் வில் துணியைப் பிடுங்கிக்கொள்ளும், விரல் நசுங்கும். பல வண்டிகளில் ரூஃப் லைனிங் முழுவதையும் இறக்கினால்தான் அந்த உருளைக்கே போக முடியும். லைனிங்கை இறக்குவது என்றால் ஏர்பேக் பக்கம் கை வைக்க வேண்டியிருக்கும். அது வீட்டில் செய்யும் வேலை இல்லை, பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள்.

#15 நெடுஞ்சாலைக்காரன்

2011இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கேயில் மின்சாரம் பாய்ந்தால் தெளிவாகி, நிறுத்தினால் இருண்டுபோகும் கூரைக் கண்ணாடியை விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள். இந்த மாதிரி கண்ணாடி எல்லா வண்டியிலும் வந்தால் நம் விவாதமே தேவைப்படாது!

நிழல்தேடி, குழந்தை இருக்கை பற்றிச் சொன்னீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால், இவர்கள் சொன்னதைப் படித்த பிறகு கிளிப் வகைக்குத்தான் போவேன். வேண்டாம் என்றால் கழற்றலாம், ஃபிலிமை அப்படிக் கழற்ற முடியாது. என் வண்டியில் கூரை சின்னது, ஃபிலிம் போதுமானதாக இருக்கிறது.

#16 நிழல்தேடி

முடிவு செய்துவிட்டேன். மாடலுக்கென்று வெட்டிய கிளிப் வகை, முன்னும் பின்னும் தனித்தனியாக, மேலே வெள்ளிப் பூச்சு. மாட்டும் முறையை மலர்விழி சொன்னால் நன்றாக இருக்கும்.

#17 மலர்விழி

சொல்கிறேன்.

உறையிலிருந்து எடுத்ததும் மாட்டாதீர்கள். மடிப்பிலேயே இருந்த துணி சுருக்கமாக இருக்கும். விரித்து வெயிலில் கொஞ்ச நேரம் போட்டால் சுருக்கம் தளர்ந்து கம்பியும் தன் வடிவத்துக்கு வரும். அதற்குள் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். திரை மாட்டிய பிறகு அந்தப் பக்கத்துக்குக் கை போகாது.

பின்பக்கத் திரையை முதலில் மாட்டுங்கள். அங்கே தவறி விழுந்தாலும் ஆபத்தில்லை, கை பழகிவிடும். முன், பின் அடையாளச் சீட்டு கம்பியில் தைத்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையைச் சந்தில் நுழைத்து, அடுத்து அதன் எதிர் மூலை, பிறகு மீதி இரண்டு மூலைகள், கடைசியாக நடுப்பகுதிகள். ஒரே பக்கமாக வரிசையாக நுழைத்துக்கொண்டு போனால் கடைசி மூலைக்கு இடமே இருக்காது.

கிளிப்பின் நாக்கு கண்ணாடியைத் தொட்டபடி, லைனிங்குக்கு மேலே போக வேண்டும். சந்து இறுக்கமாக இருந்தால் பிளாஸ்டிக் நெம்பு தகடு கொண்டு லேசாகத் திறந்து நுழையுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், லைனிங் துணி ஒரு முறை கிழிந்தால் தைக்க முடியாது. நாக்கு உட்கார்ந்ததும் விரலால் கம்பியைக் கீழே இழுத்துப் பாருங்கள். கிளிப் வழுக்கிக்கொண்டு வந்தால் அதைச் சற்று நகர்த்தி, சந்து குறுகலாக இருக்கும் இடத்தில் வையுங்கள்.

மாட்டிய பிறகு மேடுபள்ளமான சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள். கம்பி கண்ணாடியைத் தொடும் இடத்தில் "டிக் டிக்" என்று சத்தம் வரும். பக்கத்தில் உட்காருபவர் விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்தினால் எங்கே என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் கம்பியின் மேல் வயரிங்குக்குச் சுற்றும் துணி டேப்பை ஒரு சுற்று சுற்றினால் போதும். சாதாரணப் பிளாஸ்டிக் டேப் வெயிலில் பிசுபிசுவென்று வழியும்.

தலைக்கு மேலே இடமும் பாருங்கள். உயரமானவர் உட்கார்ந்தால் துணி தலையில் உரசக் கூடாது.

#18 கண்ணாடிப்பித்தன்

ஒரு சேர்க்கை. வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுப் போகும்போது இந்தத் திரையிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் திரையைத் தொடுகிறது. திருப்பி அனுப்பாத பங்கு வண்டிக்குள்ளேயே தங்கும், முன்கண்ணாடி வழியாகவும் நிறைய வரும். நிறுத்தும்போது கூரைக்கு வெளியே போடும் உறை இதைவிட நன்றாகத் தடுக்கும். உள்ளே மாட்டும் திரையின் பெரிய பயன், உட்கார்ந்திருப்பவரின் உடம்பில் நேர்வெயிலும் கண்ணாடியின் கதிர்வீச்சும் படாமல் காப்பது.

குழந்தை இருக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். திரை இருக்கிறது, கண்ணாடி கொஞ்சம் இறக்கியிருக்கிறது என்று நினைத்துக் குழந்தையை நிறுத்திய வண்டியில் ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய வண்டிக்குள் வெப்பம் மிக வேகமாக ஏறும், குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். இருக்கையின் பெல்ட் கொக்கி உலோகம் என்றால் குழந்தையை உட்காரவைக்கும் முன் தொட்டுப் பாருங்கள்.

#19 நிழல்தேடி

மாட்டிவிட்டேன். மலர்விழி சொன்ன வரிசையில் போனதால் பின்பக்கம் சுலபமாக உட்கார்ந்தது. முன்பக்கத்தில் ஒரு கிளிப் மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தது, அதை மூலைப் பக்கமாக நகர்த்தியதும் பிடித்துக்கொண்டது. கதவுக்கு மேலே இருக்கும் லைனிங்கை யாரும் தொடவில்லை.

வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. நண்பகலில் கையைக் கூரைக்குக் கீழே நீட்டிப் பார்த்தேன். குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில் திரை மூடாத ஒரு சின்னப் பட்டை இருக்கிறது, அங்கே கை வைத்தால் சுரீரென்று அனல் இறங்குகிறது. விரலிடை தள்ளித் திரைக்குக் கீழே கொண்டுபோனால் வெதுவெதுப்பு மட்டும்தான். முன்பு ஏசியை முழு வேகத்தில் வைத்தும் போதாது, இப்போது பாதியிலேயே போதுகிறது. குழந்தை பின்சீட்டில் கண்ணைக் கசக்காமல் தூங்குகிறாள். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

இரண்டு சந்தேகம் மட்டும். குளிர் நாளில் கழற்றி மடித்து வைப்பது எப்படி? மழைக்காலத்தில் ஈரம் சேருமா?

#20 தையல்பெட்டி

மடிப்பதற்கு: திரையைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு ஓரத்தையும் நடுவில் சேருங்கள். மேல் பகுதியை உங்களிடமிருந்து விலக்கிக் கீழே அழுத்தியபடி, ஒரு கையை உள்பக்கமாகவும் மறுகையை வெளிப்பக்கமாகவும் திருப்புங்கள். கம்பி எட்டு வடிவத்தில் முறுகி, தானே ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வட்டமாகிவிடும். வலுக்கட்டாயமாகப் பாதியாக மடித்தால் கம்பி ஒடிந்த கோணத்தில் நின்றுவிடும், பிறகு அந்த இடம் ஒருபோதும் சந்தில் உட்காராது. விரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், வில் மாதிரி தெறிக்கும்.

ஈரம் சேரும். குளிர்ந்த இரவில் உள்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து துணியில் இறங்கும். அவ்வப்போது இறக்கிக் கண்ணாடியைத் துடைத்து, துணியைக் காயவைத்து மாட்டினால் பூஞ்சை வாடை வராது. வெள்ளிப் பக்கத்தைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், பூச்சு உரியும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

#21 புதுச்சாவி

என் பலகையும் தயார். இரண்டு கால் உடைந்திருந்தது, மாற்றி, புதுத் துணி ஒட்டி, ரெயிலில் ஏற்றியாகிவிட்டது. கண்ணாடி உயரமும் சரியாக அமைந்தது, விசில் இல்லை. ஆனால் வேலை செய்யும்போது சட்டத்தின் முன் மூலையில் ஒரு சின்ன ஓட்டையும் அதற்குள் குப்பையும் பார்த்தேன். அது என்ன?

#22 பழைய கராஜ்

நல்லவேளை, பார்த்தீர்கள். அது வடிகால் தம்பி. திறக்கும் சன்ரூஃபில் ரப்பர் பீடிங் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. தாண்டி வரும் தண்ணீரைச் சுற்றியிருக்கும் பள்ளம் பிடித்து, மூலைகளில் இருக்கும் குழாய் வழியாகத் தூணுக்குள் இறக்கி வெளியே விடும். பொதுவாக நான்கு மூலைக்கு நான்கு குழாய். அடைத்துக்கொண்டால் தண்ணீர் லைனிங்கில் ஊறி, நீங்கள் புதிதாக ஒட்டிய துணியையும் கெடுக்கும்.

குப்பையை விரலால் அல்லது வாக்யூமால் எடுங்கள். பிறகு ஒரு சின்னக் குவளைத் தண்ணீரைப் பள்ளத்தில் மெதுவாக ஊற்றி, அந்தப் பக்கத்துக் கதவோரம் அல்லது சக்கரத்துக்குப் பின்னால் சொட்டுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் மெல்லிய நைலான் இழையை நுழைத்துப் பாருங்கள். கெட்டிக் கம்பி வேண்டாம், குழாயைக் குத்திவிடும். அழுத்தக் காற்றும் வேண்டாம், உள்ளே குழாய் இணைப்பே கழன்று போகலாம். நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், முன் மூலை இரண்டையும் முதலில். ஊற்றிவிட்டு எங்கே சொட்டுகிறது என்று எழுதுங்கள், அடுத்தது சொல்கிறேன்.